சமச் செலவு, சமமில்லாச் சுமை: சேமிப்பக வலையமைப்பில் போக்குவரத்துப் பங்கீடு

சர்வர்களையும் அவற்றுக்கு வெளியே தனியாக நிற்கும் வட்டுத் தொகுதிகளையும் இணைப்பதற்கென்றே அமைக்கப்படுவது சேமிப்பக வலையமைப்பு. வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு, தொலைபேசிக் கட்டணப் பட்டியல் போன்ற பெரும் தரவுத்தளங்கள் பலவும் இத்தகைய வலையமைப்பின் மேல்தான் ஓடுகின்றன. சர்வருக்குத் தன் உள்ளேயே ஒரு வட்டு இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது அனுப்பும் ஒவ்வொரு படித்தலும் எழுதுதலும் இரண்டு மூன்று ஸ்விட்சுகளைக் கடந்து வேறொரு அறையிலோ வேறொரு கட்டடத்திலோ உள்ள வட்டுத் தொகுதியைப் போய்ச் சேர்கிறது. இந்தப் பணிக்கு 1990-களிலிருந்து பரவலாகப் பயன்படும் தொழில்நுட்பம் ஃபைபர் சேனல். ஃபைபர் சேனல் ஸ்விட்சுகள் பல சேர்ந்த கூட்டத்துக்கு ஃபேப்ரிக் என்று பெயர்.

ஒரு ஃபேப்ரிக்கில் எந்த இரண்டு முனைகளுக்கும் இடையே ஒரே ஒரு வழி மட்டும் இருந்தால், ஒரு கேபிள் அறுந்தாலே தரவுத்தளம் நின்றுவிடும். அதனால் வழிகள் வேண்டுமென்றே பலவாக வைக்கப்படுகின்றன. பல வழிகள் இருக்கும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. எந்த வழிகள் பயன்படுத்தத் தக்கவை? அவற்றுள் இந்த நொடியில் வந்து நிற்கும் ஃபிரேம், அதாவது தரவுப் பொட்டலம், எதில் போகவேண்டும்? முதல் கேள்விக்கு விடை சொல்வது வழிப்படுத்தும் நெறிமுறை. இரண்டாவதற்கு விடை சொல்வது அந்த நெறிமுறையே அல்ல. அதன் அடியில், ஸ்விட்சின் சில்லுக்குள் ஓடும் ஒரு சிறு கணக்கு. நெறிமுறைதான் சுமையைப் பங்கிடுகிறது என்று பலரும் எண்ணிக்கொள்வதால், ஓர் இணைப்பு நிரம்பி வழியும்போது காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள். இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துப் பார்ப்பதே இந்தப் பொருளைப் புரிந்துகொள்வதற்கான முதற்படி.

ஃபைபர் சேனல் முகவரி 24 பிட் நீளமுடையது. முதல் 8 பிட் டொமைன், அடுத்த 8 பிட் ஏரியா, கடைசி 8 பிட் போர்ட். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு டொமைன் எண் உண்டு. 1 முதல் 239 வரையுள்ள எண்களுள் ஒன்று அதற்குக் கிடைக்கும். ஒரே எண் இரண்டு ஸ்விட்சுகளுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள, ஸ்விட்சுகள் தமக்குள் ஒன்றை முதன்மை ஸ்விட்சாகத் தேர்ந்துகொள்கின்றன. இந்த முகவரி அமைப்பால் வழிப்படுத்தும் வேலை பெரிதும் எளிதாகிறது. இடையில் உள்ள ஸ்விட்ச் எதுவும் சேர்முனையின் முழு முகவரியைப் பார்க்கத் தேவையில்லை. முதல் 8 பிட்டைப் பார்த்து, எந்த ஸ்விட்சுக்குப் போகவேண்டும் என்று அறிந்தால் போதும். ஆயிரக்கணக்கான போர்ட்டுகள் உள்ள ஃபேப்ரிக்கிலும் வழி அட்டவணை சில பத்து வரிகளுக்கு மேல் போகாது.

அந்த அட்டவணையை நிரப்பும் நெறிமுறை எஃப்.எஸ்.பி.எஃப். ஃபேப்ரிக்கின் மிகக் குறுகிய வழியை முதலில் தேர்வது என்பதுதான் அதன் பெயருக்குப் பொருள். புரோகேட் நிறுவனம் உருவாக்கிய இந்த நெறிமுறை, 2001-இல் வந்த எஃப்.சி.-எஸ்.டபிள்யூ.-2 என்ற தரநிலையின் வழியாக எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. இணையத்தில் வழங்கும் ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறையின் நெருங்கிய உறவு இது. இரண்டுக்கும் அடிப்படை, எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணினி அறிஞர் 1959-இல் வெளியிட்ட குறுவழிக் கணக்கு.

அது வேலை செய்யும் விதம் இது. இரண்டு ஸ்விட்சுகளை இணைக்கும் போர்ட்டு உயிர்பெற்றதும் அவை ஒன்றுக்கொன்று ஹலோ செய்தி அனுப்புகின்றன. வழக்கமான அமைப்பில் 20 வினாடிக்கு ஒரு ஹலோ. 80 வினாடி வரை எதிர்ப்பக்கத்திலிருந்து எதுவும் வராவிட்டால் அந்த இணைப்பு செத்ததாகக் கொள்ளப்படும். நடைமுறையில் ஒளியோ மின்குறியோ அற்றுப்போனதை வன்பொருளே உடனே சொல்லிவிடுவதால், 80 வினாடி காத்திருக்க நேர்வது அரிது. ஹலோ இருபுறமும் உறுதியானபின் ஒவ்வொரு ஸ்விட்சும் தன் அண்டை ஸ்விட்சுகள் எவை, அவற்றுக்கான இணைப்பின் செலவு எவ்வளவு என்ற பதிவைத் தயாரித்து அண்டையாருக்கு அனுப்புகிறது. அவர்கள் அதைத் தம் அண்டையாருக்கு அனுப்புகிறார்கள். இப்படிப் பரவி முடிந்ததும் ஃபேப்ரிக்கில் உள்ள எல்லா ஸ்விட்சுகளின் கையிலும் ஒரே வரைபடம் இருக்கும். அந்த வரைபடத்தின்மேல் ஒவ்வொன்றும் தன்னை மையமாக வைத்து டைக்ஸ்ட்ராவின் கணக்கைப் போட்டு, ஒவ்வொரு டொமைனுக்கும் மிகக் குறைந்த செலவில் போகும் வழியை எழுதிக்கொள்கிறது. குறைந்த செலவில் இரண்டு மூன்று வழிகள் சமமாக வந்தால், அத்தனையையும் எழுதிக்கொள்கிறது.

செலவு என்பது இணைப்பின் வேகத்தைத் தலைகீழாக்கிய எண். 1 ஜிகாபிட் இணைப்புக்கு 1000, 2 ஜிகாபிட்டுக்கு 500, 4 ஜிகாபிட்டுக்கு 250, 8 ஜிகாபிட்டுக்கு 125. வேகம் இரட்டித்தால் செலவு பாதியாகும். ஆனால் எல்லா நிறுவனங்களும் இதை இப்படியே பின்பற்றுவதில்லை. சிஸ்கோவின் ஸ்விட்சுகள் இந்த ஏணியில் கீழே இறங்கிக்கொண்டே போகும். புரோகேட் ஸ்விட்சுகளில் 2 ஜிகாபிட்டும் அதற்கு மேற்பட்ட எல்லா வேகங்களும் இயல்பாக 500 என்றே வைக்கப்பட்டன. அற்பமாகத் தோன்றும் இந்த வேறுபாடு போக்குவரத்தை எவ்வளவு மாற்றிவிடும் என்பதை ஒரு சிறிய ஃபேப்ரிக்கை வைத்துப் பார்க்கலாம்.

சர்வர்கள் இணைந்த ஸ்விட்ச் டொமைன் 11. வட்டுத் தொகுதிகள் இணைந்த ஸ்விட்ச் டொமைன் 21. நடுவில் டொமைன் 1, டொமைன் 2 என இரண்டு மைய ஸ்விட்சுகள். 11-லிருந்து இரண்டு மையங்களுக்கும், மையங்களிலிருந்து 21-க்கும் போகும் நான்கு இணைப்புகளும் 8 ஜிகாபிட். பழைய நாளில் போட்ட ஒரு 4 ஜிகாபிட் கேபிள் 11-ஐயும் 21-ஐயும் நேரடியாக இணைத்தபடி இன்னும் கிடக்கிறது.

வேகத்தோடு இறங்கும் செலவுக் கணக்கில், மையத்தின் வழியாகப் போகும் வழிக்கு 125-ம் 125-ம் சேர்ந்து 250. இரண்டாவது மையத்தின் வழிக்கும் 250. நேரடிக் கேபிளுக்கும் 250. மூன்றும் சமம் என்று நெறிமுறை தீர்ப்பளிக்கிறது. போக்குவரத்து மூன்று சம பங்காகிறது. மொத்தம் 12 ஜிகாபிட் சுமை வரும்போது ஒவ்வொரு வழிக்கும் 4 ஜிகாபிட் வருகிறது. நேரடிக் கேபிள் விளிம்புவரை நிரம்பிவிட்டது. மற்ற இரண்டும் பாதிதான் நிரம்பியிருக்கின்றன. மூன்று வழிகளின் மொத்த அகலம் 20 ஜிகாபிட். ஆனால் 12-லேயே ஒரு பங்குப் போக்குவரத்து தடுமாறத் தொடங்கிவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் 500 என்ற கணக்கில் நிலைமை இதைவிட மோசம். நேரடி வழிக்கு 500, மையத்தின் வழிகளுக்கு ஆயிரம் ஆயிரம். அத்தனை போக்குவரத்தும் அந்த ஒற்றைப் பழைய கேபிளில் ஏறிக்கொள்ள, 16 ஜிகாபிட் அகலம் சும்மா கிடக்கும். இரண்டு நிலைகளிலும் நெறிமுறை எந்தப் பிழையும் செய்யவில்லை. தனக்குக் கொடுத்த எண்களை வைத்து மிகச் சரியான விடையையே அது சொல்லியிருக்கிறது. கேபிளைப் பிடுங்கிவிடுவது, அல்லது அதன் செலவைக் கையால் உயர்த்தி வைப்பது நிர்வாகியின் வேலை. உயர்த்தினால் அந்தக் கேபிளில் ஒரு ஃபிரேம்கூடப் போகாது. மற்ற வழிகள் எல்லாம் அறுந்தபின்தான் அது பயன்படும். இரண்டு பங்குக்கு ஒரு பங்கு என்ற விகிதத்தில் பிரிக்கும்படி எஃப்.எஸ்.பி.எஃப்-இடம் சொல்லவே வழியில்லை. ஒரு வழி சமம், இல்லையேல் அது இல்லை.

சமமான வழிகளின் பட்டியல் கைக்கு வந்ததோடு நெறிமுறையின் வேலை முடிகிறது. இனி பங்கீடு. வரும் ஃபிரேம்களை ஒன்று இந்த வழிக்கு, அடுத்தது அந்த வழிக்கு என்று மாற்றி மாற்றி அனுப்பினால் மிகச் சீரான பங்கீடு கிடைக்குமே என்று கேட்கத் தோன்றும். அதைத் தடுப்பது வரிசை ஒழுங்கு. ஃபைபர் சேனலில் ஒரு ஃபிரேம் அதிகபட்சம் 2,112 பைட் தரவைச் சுமக்கும். பெரிய படித்தல் ஒன்றில் நூற்றுக்கணக்கான ஃபிரேம்கள் தொடர்ந்து வரும். அவை வெவ்வேறு வழிகளில் போனால், நெரிசல் குறைந்த வழியில் போனது முந்திக்கொள்ளும். வட்டுப் போக்குவரத்துக்குப் பெரும்பாலும் பயன்படும் மூன்றாம் வகுப்புச் சேவையில், ஒரு ஃபிரேம் வந்து சேர்ந்தது என்று திருப்பிச் சொல்லும் ஏற்பாடு கிடையாது. காணாமற்போன ஒரு ஃபிரேமை மட்டும் மறுபடி கேட்டு வாங்கும் வழக்கமும் சாதாரண வட்டுப் போக்குவரத்தில் இல்லை. வரிசை மாறி வந்தால், சர்வரை ஃபேப்ரிக்கோடு இணைக்கும் அடாப்டர்கள் பலவும் அதைப் பிழையாகவே கொண்டு முழுக் கட்டளையையும் கைவிட்டுவிடும். கட்டளை கைவிடப்பட்டதாக அடாப்டர் உடனே சொன்னால் நல்லது. ஃபிரேம் ஒன்று ஓசையில்லாமல் தொலைந்துபோனால் சர்வர் காலக்கெடு முடியும்வரை காத்திருக்கும். லினக்ஸில் அது வழக்கமாக 30 வினாடி. 30 வினாடி உறைந்து நிற்கும் தரவுத்தளத்தைப் பார்த்த எவரும் வரிசை ஒழுங்கை லேசாக எண்ணமாட்டார்கள்.

ஆகவே சேரவேண்டியவை சேர்ந்தே போகவேண்டும் என்பது விதி. சேர்ந்தே போகவேண்டிய அந்தக் கூட்டத்தின் அளவு எது என்பதுதான் கேள்வி. பங்கீட்டு முறைகளின் வரலாறு இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது.

தொடக்ககால ஸ்விட்சுகள் போர்ட்டையே அளவாகக் கொண்டன. ஒரு போர்ட்டில் நுழைவதெல்லாம், ஒரு குறிப்பிட்ட டொமைனுக்குப் போவதாக இருந்தால், ஒரே வழியில் போகும். எட்டுச் சர்வர் போர்ட்டுகளும் இரண்டு வழிகளும் இருந்தால் நான்கு நான்காகப் பிரிந்துவிடும். பகலில் இது நன்றாகவே தோன்றும். இரவில் காப்புநகல் எடுக்கும் இரண்டு சர்வர்கள் தற்செயலாக ஒரே நான்கில் அமைந்துவிட்டால், ஒரு வழி திணறும். மற்றது காலியாக இருக்கும். போர்ட்டுகளின் எண்ணிக்கை சமம் என்பதால் ஸ்விட்சின் கணக்கில் எந்தக் குறையும் தெரியாது. அனுப்புநர் முகவரியையும் பெறுநர் முகவரியையும் இணைத்துப் பார்க்கும் முறை இதைவிட நுட்பமானது: ஒரே சர்வர் மூன்று வட்டுத் தொகுதிகளோடு பேசினால் மூன்று உரையாடல்களும் வெவ்வேறு வழியில் போகலாம். ஆனாலும் ஒரு சர்வரும் ஒரு வட்டுத் தொகுதியும் எவ்வளவு பேசினாலும் ஒரு வழிதான்.

மூன்றாவது முறை எக்ஸ்சேஞ்ச் என்ற அலகைப் பிடித்துக்கொண்டது. ஃபைபர் சேனலில் ஒரு வட்டுக் கட்டளை, அதற்கான தரவு, முடிவில் வரும் பதில் ஆகிய மூன்றும் சேர்ந்து ஓர் எக்ஸ்சேஞ்ச். ஒவ்வொன்றுக்கும் 16 பிட் அடையாள எண் உண்டு. ஃபிரேமின் தலைப்பிலேயே அது எழுதப்பட்டிருக்கும். ஓர் எக்ஸ்சேஞ்சுக்குள் வரிசை மாறக்கூடாது. ஆனால் இரண்டு எக்ஸ்சேஞ்சுகளுள் எது முந்தினாலும் பெரும்பாலான வட்டுப் போக்குவரத்துக்குக் கவலையில்லை, ஏனென்றால் இயங்குதளமே தன் கட்டளைகளை முன்பின்னாக முடிக்க இடம்கொடுத்துத்தான் அனுப்புகிறது. ஆகவே அனுப்புநர், பெறுநர், எக்ஸ்சேஞ்ச் எண் மூன்றையும் கலந்து ஒரு ஹாஷ் கணக்குப் போட்டு, வரும் விடையைக் கொண்டு வழியைத் தேர்வது பொருத்தமாகிறது. சிஸ்கோவின் எம்.டி.எஸ். 9000 வரிசை இதையே இயல்பு அமைப்பாகக் கொண்டது. புரோகேட் தன் 4 ஜிகாபிட் தலைமுறையிலிருந்து இதைக் கொண்டுவந்தது. சேமிப்பக வலையமைப்பின் பங்கீட்டு முறைகளில் மிக நேர்த்தியானது இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஐ.பி. வலையமைப்பின் ஸ்விட்சுக்குத் தெரியாத ஒரு செய்தி, அதாவது ஒரு பணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது, இங்கே ஸ்விட்சுக்குத் தெரிகிறது.

மெயின்ஃபிரேம் உலகம் மட்டும் இதை நெடுங்காலம் ஏற்கவில்லை. ஐ.பி.எம். மெயின்ஃபிரேம்களின் ஃபைகான் என்ற சேமிப்பகப் போக்குவரத்து, நிலையான வழிகளிலேயே பிரிக்கப்பட்டு வந்தது. 2015-இல் வந்த இசட்13 எந்திரத்தோடுதான் எக்ஸ்சேஞ்ச் அடிப்படையிலான பங்கீட்டுக்கு அங்கே இடம் கிடைத்தது.

ஹாஷ் கணக்கைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. உண்மையான சில்லுகள் சிக்கலான கணக்கைப் போடுகின்றன. இங்கே எளிமைக்காக வெறும் கூட்டல் என்று கொள்ளலாம். மேற்சொன்ன ஃபேப்ரிக்கில் பழைய நேரடிக் கேபிளைப் பிடுங்கிவிட்டதாகவும் கொள்வோம். சர்வரின் முகவரி 11-4-0. வட்டுத் தொகுதியின் முகவரி 21-7-0. இந்த ஆறு எண்களின் கூட்டுத்தொகை 43. அதோடு எக்ஸ்சேஞ்ச் எண்ணைக் கூட்டி, வருவது இரட்டைப்படையானால் முதல் மையம், ஒற்றைப்படையானால் இரண்டாம் மையம். எக்ஸ்சேஞ்ச் 412 வந்தால் 455, இரண்டாம் மையம். 413 வந்தால் 456, முதல் மையம். 414 மறுபடி இரண்டாம் மையம். எண்கள் ஒவ்வொன்றாக ஏறும்வரை பங்கீடு மிக அழகாக அமைகிறது.

இப்போது அடாப்டர் தன் எக்ஸ்சேஞ்ச் எண்களை இரண்டிரண்டாக ஏற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், 412, 414, 416 என எல்லாமே இரண்டாம் மையத்துக்கே போகின்றன. ஒரு சர்வரின் முழுப் போக்குவரத்தும் ஒரே வழியில். உண்மையான ஹாஷ் கணக்குகள் இதைவிடத் தேர்ந்தவை என்றாலும், எந்தக் கணக்குக்கும் அதற்கு ஒவ்வாத ஓர் எண்வரிசை இருக்கவே செய்யும்.

இதைவிட மறைவான கோளாறு ஒன்று உண்டு. மேற்சொன்ன ஃபேப்ரிக்கில் ஒவ்வொரு மையத்திலிருந்தும் 21-க்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு தனித்தனி இணைப்புகள் போடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். மையமும் அதே கணக்கைத்தான் போடுகிறது: இரட்டைப்படை முதல் இணைப்பு, ஒற்றைப்படை இரண்டாம் இணைப்பு. முதல் மையத்துக்கு வந்து சேர்பவை எல்லாமே இரட்டைப்படை, அதனால்தான் அவை அங்கே வந்தன. எனவே அவை அனைத்தும் முதல் இணைப்பில் ஏறுகின்றன. இரண்டாவது இணைப்பு ஒரு ஃபிரேமையும் காணாது. இரண்டாம் மையத்தில் இதற்கு நேரெதிர். நான்கு இணைப்புகளுக்குப் பணம் செலவிட்டு இரண்டு மட்டும் ஓடுகின்றன. ஒவ்வொரு ஸ்விட்சும் தன் டொமைன் எண்ணையும் கூட்டிக்கொண்டால் தீர்ந்துவிடாதா என்றால், இந்த எளிய கணக்கில் தீராது: எல்லா விடைகளும் ஒருசேர மாறுமே தவிரப் பிரியாது. ஹாஷ் விடையின் வேறு பிட்டை எடுத்து முடிவு செய்தால்தான், அல்லது அடுக்குக்கு அடுக்கு வேறு கலவையைப் பயன்படுத்தினால்தான் இந்தக் கட்டு அவிழும். ஒரே நிறுவனத்தின் ஒரே தலைமுறை ஸ்விட்சுகளை அடுக்கடுக்காக வைக்கும்போது இந்தச் சாத்தியத்தை நினைவில் வைத்திருப்பது கட்டாயம்.

ஹாஷ் கணக்கு பழுதில்லாமல் இருந்தாலும் ஒரு குறை எஞ்சும். அது எக்ஸ்சேஞ்சுகளை எண்ணுகிறது. அவற்றின் பாரத்தைப் பார்ப்பதில்லை. சுங்கச்சாவடியில் வண்டி எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்துத் தடம் பிரித்தால், ஸ்கூட்டரும் பதினான்கு சக்கர லாரியும் ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வரும்; தடத்தின் நீளம் சமமாக இருக்காது. 4 கிலோபைட் படித்தலுக்கு, ஃபிரேமுக்கு 2,048 பைட் என்று வைத்தால், 2 தரவு ஃபிரேம்கள். 1 மெகாபைட் படித்தலுக்கு 512. ஹாஷ் கணக்குக்கு இரண்டும் ஒன்று. ஆயிரக்கணக்கான சிறு கட்டளைகள் ஓடும் தரவுத்தளத்தில் இந்த ஏற்றத்தாழ்வு சராசரியில் கரைந்துவிடும். சில பெரிய கட்டளைகள் மட்டுமே ஓடும் காப்புநகல் நேரத்தில் கரையாது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: படித்தலில் பாரமான தரவு வருவது வட்டுத் தொகுதியிலிருந்து சர்வரை நோக்கி. அந்தத் திசையில் வழியைத் தேர்வது வட்டுப் பக்கத்து ஸ்விட்ச். சர்வர் பக்கத்து ஸ்விட்சின் எண்ணிக்கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர், போகும் சிறு கட்டளைகளை எண்ணிவிட்டு வரும் வெள்ளத்தைப் பாராமல் விடுகிறார்.

இரண்டு ஸ்விட்சுகளுக்கிடையே பல இணைப்புகள் இருந்தால், அவற்றை ஒரே கட்டாகச் சேர்த்து நெறிமுறைக்கு ஓர் ஒற்றை இணைப்பாகக் காட்டுவதும் உண்டு. புரோகேட் இதை டிரங்க் என்றும் சிஸ்கோ போர்ட் சேனல் என்றும் அழைக்கின்றன. புரோகேட் டிரங்கில் 8 இணைப்புகள் வரை சேரலாம். அங்கே ஃபிரேம் ஃபிரேமாகவே பங்கிடப்படுகிறது. வரிசை குலையாதிருக்க, எல்லாக் கேபிள்களும் ஏறக்குறைய ஒரே நீளத்தில், ஒரே போர்ட்டுக் குழுவில் இருக்கவேண்டும். நீள வேறுபாட்டால் வரும் நுண்ணிய தாமதத்தை வன்பொருள் அளந்து ஈடுகட்டுகிறது. பாரத்தை உள்ளபடியே சமமாகப் பிரிப்பது இந்த ஒரு முறைதான். சிஸ்கோவின் போர்ட் சேனலில் 16 இணைப்புகள் வரை சேரலாம். உள்ளே பங்கீடு எக்ஸ்சேஞ்ச் ஹாஷால் நடக்கிறது. கட்டின் செலவை எப்படிக் கணக்கிடுவது என்பதில் ஓர் இக்கட்டு இருக்கிறது. மொத்த அகலத்தைச் செலவில் காட்டினால், சமமான இரண்டு கட்டுகளுள் ஒன்றில் ஒரே ஒரு கேபிள் போனதும் அதன் செலவு கூடிவிடும். சமநிலை உடைந்து, நன்றாக இருக்கும் மற்றக் கேபிள்களையும் கைவிட்டுவிட்டு எல்லாப் போக்குவரத்தும் அடுத்த கட்டுக்குத் தாவும். காட்டாவிட்டால், குறைந்துபோன கட்டுக்கும் முழுப் பங்கு சுமை வந்துகொண்டிருக்கும். எதை ஏற்பது என்பது அந்தந்த ஃபேப்ரிக்கில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

தொலைவும் செலவில் சேர்வதில்லை. இரண்டு ஊர்களில் உள்ள தரவு மையங்களை இரண்டு ஒளியிழைத் தடங்கள் இணைக்கின்றன. ஒன்று 10 கிலோமீட்டர், சுற்றிப் போகும் மற்றது 60 கிலோமீட்டர். இரண்டும் 8 ஜிகாபிட் என்றால் எஃப்.எஸ்.பி.எஃப்-க்கு இரண்டும் 125. ஒளியிழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 5 மைக்ரோவினாடி ஆகும். ஃபைபர் சேனல் எழுதுதலில் கட்டளை போய், தயார் என்ற விடை வந்து, பிறகு தரவு போய், முடிந்தது என்ற விடை வரும். அதாவது இரண்டு முறை போய்வர வேண்டும். முதல் தடத்தில் இதற்கு 0.2 மில்லிவினாடி, இரண்டாவதில் 1.2 மில்லிவினாடி. ஒரே தரவுத்தளத்தின் எழுதுதல்களில் பாதிக்கு இந்தப் பயண நேரம் ஆறு மடங்காகும், எந்த எச்சரிக்கையும் ஒலிக்காது.

தூரம் கூடும்போது பஃபர் கிரெடிட்டும் கூடவேண்டும். ஃபைபர் சேனலில் எதிர்ப்பக்கம் இடம் இருக்கிறது என்று உறுதி சொன்னால்தான் ஃபிரேம் கிளம்பும். அந்த உறுதிமொழிதான் கிரெடிட். முழு அளவு ஃபிரேம்களுக்கு 8 ஜிகாபிட் வேகத்தில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 4 கிரெடிட் வேண்டும். 60 கிலோமீட்டருக்கு 240. அதில் பாதிதான் கொடுத்திருந்தால், 8 ஜிகாபிட் என்று பெயர்பெற்ற இணைப்பு அதில் பாதி வேகத்தைத்தான் தரும். செலவு அப்போதும் 125 என்றே இருக்கும்.

இத்தனை குறைகளும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன: நெறிமுறை சுமையைப் பார்ப்பதில்லை. பார்க்கும்படி செய்துவிட்டால் என்ன என்ற எண்ணம் இயல்பானது. அதைச் செய்துபார்த்த அனுபவமும் உலகுக்கு உண்டு. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் 1979-இல் ஒவ்வொரு இணைப்பின் தாமதத்தையும் 10 வினாடிச் சராசரியாக அளந்து, அதையே செலவாகப் பரப்பும் முறை நடைமுறைக்கு வந்தது. சுமை குறைவாக இருந்தவரை அது நன்றாக ஓடியது. சுமை ஏறியதும் வேறு காட்சி. இரண்டு பகுதிகளை இணைக்கும் இரண்டு தடங்களுள் ஒன்று நெரிசலானால் அதன் செலவு ஏறும். உடனே எல்லா முனைகளும் ஒரே வரைபடத்தைப் பார்த்து ஒருசேர மற்றத் தடத்துக்குத் தாவும். அது நெரிசலாகும், முதல் தடம் காலியாகும். எல்லாரும் திரும்பித் தாவுவார்கள். எப்போதும் ஒரு தடம் நிரம்பியும் ஒரு தடம் வெறிச்சோடியும் இருக்கும். 1987-இல் செலவின் ஏற்ற இறக்கத்துக்கு வரம்பு கட்டித்தான் இதை அடக்கவேண்டியிருந்தது.

சேமிப்பக வலையமைப்பில் ஒவ்வொரு தாவலும் வரிசை குலைவதற்கான வாய்ப்பு. பழைய வழியில் வரிசையில் நிற்கும் ஃபிரேம் இன்னும் போய்ச்சேராத நிலையில் அடுத்தது புதிய வழியில் முந்திவிடலாம். ஆகவே நிலையான செலவையே வைத்துக்கொண்டு சுமையைப் பாராமல் இருக்க எடுத்த முடிவு அறியாமையால் வந்ததல்ல. தெரிந்தே செய்த இந்தத் தேர்வு, சேமிப்பகத்துக்கு மிகப் பொருத்தமான தேர்வும்கூட.

ஆனாலும் கேபிள் அறும்போதும் புதிய ஸ்விட்ச் சேரும்போதும் வழிகள் மாறியே தீரும். அப்போது வரிசையைக் காப்பதற்காக, வரிசை உறுதி என்ற அமைப்பை நிர்வாகி இயக்கி வைக்கலாம்: பழைய வழியில் உள்ள ஃபிரேம்கள் வடிந்து முடியும்வரை ஸ்விட்ச் சற்றுக் காத்திருந்து, தேவையானால் சிலவற்றை உதறிவிட்டு, பிறகே புதிய வழியில் அனுப்பத் தொடங்கும். இதற்கு விலை, மாற்றத்தின்போது ஒரு சிறு தடங்கல். சிஸ்கோ ஸ்விட்சுகளில் இது இயல்பாக அணைந்தே இருக்கும். வரிசை பிறழ்வதைத் தாங்காத கருவி இருந்தாலன்றி இதை இயக்காமலிருப்பதே பொதுவான வழக்கம்.

ஈதர்நெட்டின் மேல் சேமிப்பகத்தை ஓட்டும்போது அலகு மாறிவிடுகிறது. ஐஸ்கசி நெறிமுறை 2004-இல் தரநிலையாக வெளிவந்தது. அதில் வட்டுக் கட்டளைகள் ஒரு டி.சி.பி. இணைப்புக்குள் போகின்றன. ஐ.பி. ஸ்விட்சுகள் சமச் செலவு வழிகளைப் பிரிக்க, இரு முகவரிகள், இரு போர்ட்டு எண்கள், நெறிமுறை எண் ஆகிய ஐந்தையும் ஹாஷ் செய்கின்றன. ஒரு டி.சி.பி. இணைப்பில் ஆயிரம் கட்டளைகள் ஓடினாலும் இந்த ஐந்தும் மாறுவதில்லை. ஆயிரமும் ஒரே வழியில்தான். சர்வர் ஒரு தொகுதியோடு இரண்டு இணைப்புகள் மட்டும் வைத்திருந்து, வழிகளும் இரண்டே என்றால், இரண்டு இணைப்புகளும் ஒரே வழியில் விழுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனவே அங்கே இணைப்புகளைப் பெருக்குவதே பங்கீட்டைச் சீராக்கும் வழி. ஃபிளாஷ் வட்டுகளுக்கான என்.வி.எம்.இ. கட்டளைகளை டி.சி.பி. வழியாக அனுப்பும் புதிய முறையில் செயலியின் ஒவ்வொரு கோருக்கும் தனி வரிசையும் தனி இணைப்பும் வைக்கப்படுவதால் இந்தக் குறை பெரிதும் தணிகிறது. ஒரு கணினியின் நினைவகத்தை மற்றொன்று ஈதர்நெட் வழியாக நேரடியாக அணுக உதவும் ஆர்.ஓ.சி.இ. நெறிமுறையின் இரண்டாம் பதிப்பில் பெறுநர் போர்ட்டு எப்போதும் 4791 என்பதால், ஹாஷ் பிரிவதற்கென்றே அனுப்புநர் போர்ட்டு எண் வேறுபடுத்தி எழுதப்படுகிறது. 2009-இல் தரநிலையான எஃப்.சி.ஓ.இ. ஃபைபர் சேனல் ஃபிரேமை ஈதர்நெட் உறைக்குள் இட்டதால், அதை அறிந்த ஸ்விட்சுகளில் எக்ஸ்சேஞ்ச் எண்ணைப் பார்க்கும் வசதியும் எஃப்.எஸ்.பி.எஃப்-உம் கூடவே வந்தன.

ஃபேப்ரிக்குக்குள் பார்வைக்குப் படாமல் இருக்கும் சுமை, முனையில் பார்வைக்கு வருகிறது. முறையாக அமைந்த தரவு மையத்தில் ஏ, பி என ஒன்றோடொன்று இணையாத இரண்டு ஃபேப்ரிக்குகள் இருக்கும்; ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டிலும் ஒரு கால். இரண்டுக்கும் இடையே எந்த நெறிமுறையும் பேசுவதில்லை, ஒன்றில் நேரும் குழப்பம் மற்றதைத் தொடக்கூடாது என்பதற்காக. எந்த ஃபேப்ரிக்கில் கட்டளையை அனுப்புவது என்பதைச் சர்வரில் உள்ள மல்டிபாத் மென்பொருள் முடிவு செய்கிறது. அதற்குத்தான் ஒவ்வொரு கட்டளையும் முடிய எவ்வளவு நேரமாயிற்று, எத்தனை கட்டளைகள் இன்னும் நிலுவையில் இருக்கின்றன என்பது தெரியும். லினக்ஸின் மல்டிபாத்தில் முறைவைத்து அனுப்புவது, நிலுவைக் கட்டளைகள் குறைந்த வழியைத் தேர்வது, நிலுவைத் தரவின் அளவைக்கொண்டு விரைவில் முடியக்கூடிய வழியைத் தேர்வது போன்ற விதங்கள் உண்டு. வெறும் முறைவைப்பு, ஹாஷ் கணக்கின் குறையையே ஒரு படி மேலே கொண்டுபோய் வைக்கும். மற்ற இரண்டும் மெதுவாகிவிட்ட வழியிலிருந்து தாமாக விலகும். அண்மைக் காலத் தரநிலைகளில் நெரிசலையும் பழுதடையும் இணைப்பையும் பற்றி ஃபேப்ரிக்கே சர்வருக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடும் சேர்ந்திருக்கிறது. செய்தி வந்ததும் மல்டிபாத் அந்த வழியை ஒதுக்கிவைக்கலாம்.

இதிலும் ஓர் எல்லை உண்டு. சர்வருக்குத் தெரிவது ஏ-யா, பி-யா என்பதும் வட்டுத் தொகுதியின் எந்தப் போர்ட்டு என்பதும் மட்டுமே. ஏ-க்குள் முதல் மையத்தின் வழியாகப் போயிற்றா, இரண்டாம் மையத்தின் வழியாகவா என்பது அதன் பார்வைக்கு வராது. உள்ளே ஓர் இணைப்பு திணறினால், ஏ முழுவதும் சற்று மெதுவாகிவிட்டதாகவே அது காணும். அதற்கேற்பச் சுமையை பி-க்கு நகர்த்தும். அந்தச் சுமையைத் தாங்க பி-யில் இடம் இருக்கவேண்டும். ஏ அடியோடு விழுந்தால் முழுச் சுமையும் பி-க்கு வரும் என்பதால், உச்ச நேரத்திலும் இரண்டு ஃபேப்ரிக்குகளும் தத்தம் கொள்ளளவில் பாதியைத் தாண்டாதபடி அமைக்கப்படுகின்றன. அந்தப் பாதியை ஸ்விட்சின் மொத்தக் கணக்கில் அளந்தால் போதாது. ஒவ்வோர் இணைப்பிலும், இரு திசைகளிலும், தனித்தனியே அளக்கவேண்டும்.